குடுவைச் செடி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒன்பது வருஷமாக ஒரு குடுவைச் செடி தொங்குகிறது. நர்சரியில் வாங்கிய கலப்பினம். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள், தண்ணீர் கேன் கொண்டுவரும் தம்பி, என் மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று யார் மாடி ஏறினாலும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் அதே கேள்விகள் வரும்.

அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. பதில்களில் அதிகம் வருவது என் மாடிச் செடி இல்லை. அதன் உறவான, இந்தியாவுக்கே உரிய ஒரே குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானா.

டீச்சர், இது பூவா, காயா?

இரண்டும் இல்லை, இலை. ஒரு இலையை அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவிப் பாருங்கள். முதலில் மாவிலை போலப் பச்சைப் பட்டை வரும். நடு நரம்பு அந்தப் பட்டையைத் தாண்டிக் கம்பியாக நீளும். கம்பியின் முனையில் ஜாடி. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இலையின் உருமாற்றங்கள் என்ற தலைப்பில் இதைப் படிக்கிறார்கள். ஜாடியின் மேல் இருக்கும் மூடி கூட இலையின் நுனிதான்.

ஜாடி வளர்வதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். முதலில் கம்பி முனையில் கடுகளவு ஒரு முடிச்சு தெரியும். சில வாரத்தில் அது புளியங்கொட்டை அளவாகி, தட்டையாக, ஈரத்துணியை மடித்தது போல இருக்கும். பிறகு இரண்டு மூன்று நாளில் யாரோ காற்றை ஊதியது போல உப்பிவிடும். அப்போதும் மூடி ஒட்டியேதான் இருக்கும். அந்த நிலையில் காதருகே வைத்து மெதுவாக அசைத்தால் உள்ளே தண்ணீர் ஆடுவது கேட்கும். மழைத் தண்ணீர் புக வழியே இல்லாதபோது அந்தத் தண்ணீரை ஊறவைத்தது செடிதான். அதற்குப் பிறகுதான் மூடி விளிம்போடு கீறல் விட்டுத் திறக்கும்.

இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?

பாடப்புத்தகத்தில் குடுவைத் தாவரம். நர்சரிக்காரர்கள் ஜாடிச் செடி என்பார்கள். தமிழ்நாட்டில் இயற்கையாக வளராததால் நம் கிராமத்தில் பாட்டிமார் வைத்த பெயர் இதற்கு இல்லை. அது வளரும் மேகாலயாவில் உண்டு. அங்கே பேசும் காசி மொழியில் ‘தியூ ராகோட்’, அதாவது அரக்கன் பூ. காரோ மொழியில் ‘மேமாங் கோக்சி’, பேயின் கூடை. எனக்கு இரண்டாவது ரொம்பப் பிடிக்கும். ஜாடியைக் கூடை என்று கண்டுகொண்டவர்கள் அதை நன்றாகப் பார்த்தவர்கள்.

நெப்பந்தஸ் என்ற பேரினப் பெயர் 1737இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. ஹோமரின் ஒடிசியில் ஹெலன் மதுவில் கலந்து கொடுக்கும், துயரத்தை மறக்கச் செய்யும் மருந்தின் பெயரை ஒட்டியது. இந்தச் செடியைக் கண்டெடுக்கும் தாவரவியலாளர் வழியில் பட்ட கஷ்டத்தையெல்லாம் மறந்துவிடுவார் என்பது லின்னேயஸின் எண்ணம்.

காசியானான்னா காசியில இருக்கா? ராமேஸ்வரத்துக்குக் கங்கைத் தண்ணி எடுத்துட்டு வர்றோமே, அந்தக் காசியா?

இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் ஒன்றாகிவிடுவதுதான் காரணம். இது கங்கைக்கரைக் காசி இல்லை, மேகாலயாவின் காசி மலைகள். அங்கே வாழும் மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் அதே பெயர்.

காசி மலைகளோடு, ஜயந்தியா மலைகளில் ஜராயின் பக்கமும், காரோ மலைகளில் பாக்மாரா பக்கமும் இது வளர்கிறது. ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1850இல் காசி மலைகளில் செடிகள் சேகரித்தார். 1873இல் இந்தச் செடியைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டவரும் அவரே. அவர் பெயர் இன்னொரு பதிலிலும் வரும்.

நிஜமாவே பூச்சியைத் தின்னுமா? டப்புன்னு மூடிக்குமா?

தின்னும். ஆனால் மூடாது. ஜாடி ஒருமுறை திறந்தால் அந்த மூடி சாகும்வரை அப்படியே நிற்கும். டப்பென்று மூடுவது வீனஸ் ஃபிளைட்ராப் என்ற வேறு செடி. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்கள். வீடியோவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

குடுவைச் செடியின் மூடி ஒரு குடை. உள்ளே இருக்கும் நீர் மழையில் நிரம்பி வழிந்துவிடாமல் காக்கிறது. கூடவே, மூடியின் அடிப்பக்கம் தேன் சுரந்து பூச்சியைக் கூப்பிடுகிறது.

மூடவே மூடாதுன்னா பூச்சி ஏன் விழுது? பறந்து போயிரலாமே?

நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். ஜாடி வாயைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. உதடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நுண்ணிய வரிகள் உள்ளே பார்த்து இறங்கும். பெரிய லென்ஸில் பார்த்தால் தாழம்பாயின் பின்னல் போலத் தெரியும். அந்த வரிகள் ஓரத்தில் தேன் சுரக்கிறது.

ஒரு மாசி மாதம் மத்தியானம், காற்றில் ஈரமே இல்லாத நேரம், பிள்ளையார் எறும்புகள் ஒரு ஜாடியின் உதட்டில் வரிசையாகப் போய்த் தேன் குடித்துவிட்டு வரிசையாகத் திரும்பின. முக்கால் மணி நேரத்தில் ஒன்றுகூட விழவில்லை. செடி வேலை செய்யவில்லையோ என்று நினைத்தேன். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் தெளித்தேன். உதட்டில் மெல்லிய நீர்ப்படலம் பரவியது. அடுத்து வந்த எறும்பு அதில் கால் வைத்ததும் ஆறு காலும் வழுக்கி உள்ளே போனது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. மழை நேரம் பாசி பிடித்த கிணற்றுப்படியில் கால் வைத்தால் நமக்கு ஆகுமே, அதேதான். எறும்பின் பாதத்தில் இருக்கும் ஒட்டும் பட்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. காய்ந்த நேரத்தில் போய்வரும் எறும்பு கூட்டத்துக்குச் சேதி சொல்கிறது. ஈரமான நேரத்தில் கூட்டமே வருகிறது.

உதட்டுக்குக் கீழே உட்சுவரில் பல குடுவைச் செடிகளுக்கு மெழுகுப் பூச்சு உண்டு. ஏற முயலும் பூச்சியின் காலில் மெழுகுத்துகள் உரிந்து ஒட்டிக்கொள்ளும், பிடி கிடைக்காது. நனைந்த சிறகோடு அந்தக் குறுகிய இடத்தில் பறப்பதும் நடக்காது. காசியானாவுக்கு இன்னொன்றும் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கத்தில் பாலோடு என்னும் ஊரில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இது: புறஊதா ஒளி பட்டால் அதன் ஜாடி வளையம் நீலமாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வைப் பூசி மறைத்தபோது விழுந்த பூச்சிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

விழுந்த பூச்சி என்னாகும்?

முங்கிச் சாகும். பிறகு கரையும். ஜாடியின் கீழ்ப்பாதிச் சுவரில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புள்ளி புள்ளியாகச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அமிலத்தையும் புரதத்தை உடைக்கும் நொதிகளையும் விடுகின்றன. அதில் முக்கியமானதற்குச் செடியின் பெயரையே ஒட்டி நெப்பந்தெசின் என்று பெயர். நம் வயிற்றில் இருக்கும் பெப்சின் வகையறாதான். முன்னே சொன்ன ஹூக்கர், ஜாடிக்குள் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, பச்சை இறைச்சித் துண்டு போன்றவற்றைப் போட்டு, அவை கரைவதை 1874இல் அறிவியல் கூட்டம் ஒன்றில் அறிவித்தார். செடிக்கும் செரிமானம் உண்டு என்பதை அன்று ஏற்றுக்கொள்ளத் தயங்கியவர்கள் நிறையப் பேர். மறு வருஷம் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிய டார்வினின் புத்தகம் வந்தது.

காய்ந்துபோன ஜாடியைத் தூக்கிப் போடாதீர்கள். பிளேடால் நெடுக்காகக் கீறி ஒரு வெள்ளைத் தட்டில் விரித்து வையுங்கள். போன ஐப்பசியில் கீறிய ஒன்றில் எனக்குக் கிடைத்தவை: எள்ளைக் கொட்டியது போல எறும்புத் தலைகள், பச்சை மினுங்கும் ஒரு வண்டின் முதுகு ஓடு, ஈயின் சிறகு நான்கைந்து, ஒரு கரப்பான் குஞ்சின் கால். சதை என்று ஒன்றும் மிச்சமில்லை. மேலோடு மட்டும் கிடந்தது. வகுப்பில் எத்தனை நாள் பாடம் எடுத்தாலும் அந்தத் தட்டு சொன்ன அளவுக்கு என்னால் சொல்ல முடிந்ததில்லை.

மத்த செடியெல்லாம் மண்ணுலதானே சாப்பிடுது? இதுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

எல்லாரும் இந்தக் கேள்வியையே முதலில் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். எந்தச் செடியும் தன் மாவுப்பொருளை வெயிலிலும் காற்றிலும் தண்ணீரிலும் தானே சமைத்துக்கொள்கிறது. குடுவைச் செடியும் அப்படித்தான், அதன் இலை பச்சைதானே. பூச்சியிலிருந்து அது எடுப்பது தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். நாம் வயலுக்கு யூரியாவும் டிஏபியும் போடுகிறோமே, அந்தக் கணக்கு.

மதுரைக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. மேகாலயாவின் தென்சரிவில் மௌசின்ராமில் 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். அப்படிக் கொட்டும் மழையில் சரிவான மலையின் மண் என்ன ஆகும்? அரிசியை ஏழெட்டுத் தண்ணீர் கழுவினால் என்ன ஆகுமோ அது. கரையக்கூடிய சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். புளிப்பேறிய, வற்றிப்போன மண்தான் மிஞ்சும். மற்ற செடிகள் தடுமாறும் அந்த இடத்தில் இது இலையைக் கூடையாக முடைந்து, வேருக்குக் கிடைக்காததை மேலே பிடித்துக்கொள்கிறது. அரக்கன் என்ற பேரைக் கேட்டு நாம் நினைத்துக்கொள்ளும் கொடூரம் எதுவும் இதில் இல்லை. பஞ்சம் பிழைக்கத் தெரிந்த செடி.

ஒரு ஜாடி கட்டுவது செடிக்குச் சும்மா இல்லை. அவ்வளவு இலைப்பரப்பையும் வெயில் வாங்க விடாமல் குழலாகச் சுருட்டுகிறது. மண்ணில் சத்து இருந்தால் அந்தச் செலவு எதற்கு? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வளர்ப்புக் கேள்விகளில் திரும்ப வரும்.

அழகர்மலையிலயோ கொடைக்கானல்லயோ இருக்கா?

இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கத் தேடினாலும் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றுகூடக் கிடையாது. மலைத்தோட்டங்களில் பார்த்தேன் என்பார்கள், அது யாரோ வளர்த்தது.

ஆனா இலங்கையில இருக்காமே? இவ்வளவு பக்கத்துல இருந்தும் நம்ம பக்கம் ஏன் இல்ல?

இருக்கிறது. நெப்பந்தஸ் டிஸ்டிலேட்டோரியா, இலங்கையின் தென்மேற்கு ஈரப்பகுதியில். சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். மொத்தம் 170க்கும் மேற்பட்ட குடுவைச் செடி இனங்களில் பெரும்பாலானவை போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம் இருக்கின்றன. மேற்கே தனித்தனித் தீவு போல நிற்பவை சிலதான்: மேகாலயாவில் ஒன்று, இலங்கையில் ஒன்று, செஷல்ஸில் ஒன்று, மடகாஸ்கரில் இரண்டு.

மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் இந்த மேற்கத்தியவை மற்றவற்றிடமிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோனவை என்று தெரிகிறது. ஆகவே காசியானா போர்னியோவிலிருந்து நேற்று வந்து தங்கிய விருந்தாளி இல்லை. தங்கச்சிகள் கிழக்கே பெருகிப் பெரிய குடும்பமாகிவிட, பழைய வீட்டிலேயே இருந்துவிட்ட அக்கா. அதனால்தான் அது அழிந்தால் நஷ்டம் அதிகம்.

அப்ப நம்ம ஊர்ல பூச்சி தின்னுற செடியே கெடையாதா?

யார் சொன்னது? மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு, மார்கழி வாக்கில் போய்ப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே சின்ன மஞ்சள் பூக்கள், அடியில் பாசி போல மிதக்கும் நூல் இலைகள். யூட்ரிகுலேரியா. பாசி என்று நினைத்து ஒதுக்கிவிடுவோம். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் ஒரு கொத்தை அள்ளி எவர்சில்வர் தட்டில் தண்ணீரோடு போட்டேன். நூல்களில் ரவை ரவையாகப் பைகள். சில பைகள் வெளிறியும் சில கறுத்தும் இருந்தன. கறுத்தவை சாப்பிட்டவை. தண்ணீர்த் தெள்ளு ஒன்று பையின் வாயில் இருக்கும் மயிரைத் தொட்டால், கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது, பை அதை உறிஞ்சிவிடும். தாவர உலகத்தில் இதைவிட வேகமாக அசைபவை வெகு சிலவே.

ஈரமணல் தரையில் டிரோசீராவும் உண்டு. இலை முழுக்கப் பனித்துளி ஒட்டியது போல இருக்கும், அது பனி இல்லை, பசை. அழுதபடியே இருப்பது போலத் தெரிவதால் நாட்டு மருந்துக்காரர்கள் பலர் இதைத்தான் அழுகண்ணி என்கிறார்கள். கொடைக்கானல் புல்வெளிகளிலும் ஒரு டிரோசீரா இருக்கிறது. பார்த்தால் பறிக்காதீர்கள். மண்டிபோட்டு உட்கார்ந்து பாருங்கள், அது போதும்.

இதை வாங்கி வச்சா கொசு ஒழியுமா? கடைக்காரர் சொன்னாரே?

ஒழியாது. இந்தச் செடியைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் அதிகம் விற்பது இதுதான். அங்கே கூப்பிடுவது தேன். தேனுக்கு வருவது பெரும்பாலும் எறும்பு, பிறகு ஈ, வண்டு. நம்மைக் கடிக்க வரும் பெண் கொசு தேடுவது நம் மூச்சையும் உடம்புச் சூட்டையும். ஒரு ஜாடியில் ஒரு கொசு தவறி விழலாம், அவ்வளவுதான்.

வயதான ஜாடியில் நிலைமை தலைகீழ். மழையோ நாம் ஊற்றும் தண்ணீரோ நிரம்பி அமிலம் நீர்த்துப்போனால் அதில் கொசுப்புழு நெளியும். எங்கள் வீட்டு ஜாடி ஒன்றிலேயே பார்த்திருக்கிறேன். காடுகளில் குடுவைச் செடியின் ஜாடியில் மட்டுமே வளரும் கொசு இனங்களே உண்டு. மழைக்காலத்தில் பழைய ஜாடிகளைக் கவிழ்த்துவிடுவது நல்லது.

எலியைத் தின்னுமாமே? பேரப்புள்ள கையை விட்டா?

பேரப்பிள்ளையின் விரலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த அமிலம் ஊறப்போட்ட பூச்சியைக் கரைக்கவே நாள் கணக்கில் எடுக்கும். கையைக் கழுவிவிட்டால் போதும். பயப்பட வேண்டியது ஜாடிதான், குழந்தைகள் பிய்த்துவிடுவார்கள்.

எலிக் கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜாவின் ஜாடி மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதில் எலி முங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது விபத்து. அந்தச் செடி உண்மையில் எதிர்பார்ப்பது வேறு. மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கு ஜாடி விளிம்பில் உட்கார்ந்து மூடியின் அடியிலிருக்கும் தேனை நக்கும். நக்கும்போதே ஜாடிக்குள் எச்சம் போடும். அந்த எச்சம்தான் செடிக்கு உரம். ஜாடி வாயின் அளவும் மூடி நிற்கும் தூரமும் அந்த விலங்கின் உடம்புக்குச் சரியாக இருக்கின்றன. இன்னொரு போர்னியோ இனத்தின் ஜாடிக்குள் சின்ன வௌவால் பகலில் தூங்கும், அது கொடுக்கும் வாடகையும் எச்சம்தான்.

மதுரை வெயில்ல இது வளருமா? உண்மையைச் சொல்லுங்க.

காசியானாவை வளர்ப்பது பற்றிச் சட்டக் கேள்வியில் சொல்கிறேன். நர்சரியில் கிடைக்கும் கலப்பினங்கள் வளரும். ஆனால் மல்லிகையை வளர்ப்பது போல வளர்த்தால் ஒரு கத்திரி வெயில் தாங்காது. என் முதல் இரண்டு செடிகள் அப்படித்தான் போயின. மூன்றாவதுதான் இப்போது இருப்பது.

செத்ததற்குக் காரணம் வெயிலைவிடத் தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளைப் படலம் நிற்கும். அந்த உப்பு வேரைக் கருக்கிவிட்டது. இப்போது மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன். அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். தொட்டியில் செம்மண்ணோ தொழு உரமோ கிடையாது. தென்னை நார்க்கழிவை நாலு முறை ஊறவைத்து உப்புப் போகப் பிழிந்து, பெர்லைட் கலந்து போட்டிருக்கிறேன். காலை எட்டு மணி வரை நேர் வெயில், பிறகு பச்சை வலை நிழல். மேற்கு வெயில் படவே கூடாது. பங்குனி முதல் ஆனி வரை செடியைக் கீழே இறக்கி, கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிய மண் தட்டுக்கு மேலே, ஃபெர்ன் தொட்டிகளுக்கு நடுவில் வைத்துவிடுவேன்.

இலை பச்சைப்பசேல்னு இருக்கு, ஜாடி மட்டும் வரவே மாட்டேங்குது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று காற்றில் ஈரம் இல்லை. கம்பி முனையிலிருக்கும் முடிச்சு உப்பாமலே கறுத்துக் காய்ந்திருந்தால் இதுதான். இரண்டாவது, நீங்கள் உரம் போடுகிறீர்கள். ஒரு அம்மா மாதாமாதம் மண்புழு உரம் போட்டுவிட்டு, “நல்லாத்தானே கவனிக்கிறேன்” என்று வருத்தப்பட்டார். பஞ்சம் பிழைக்கத் தெரிந்த செடி என்று சொன்னேன் இல்லையா? வேரிலேயே விருந்து கிடைத்தால் அது கூடை முடையாது. உரத்தை நிறுத்தி, தொட்டிக்கலவையை மாற்றினார். நாலு மாதத்தில் ஜாடியின் படத்தை அனுப்பினார்.

நாமளே பூச்சி பிடிச்சுப் போடணுமா? கறித்துண்டு?

மாடியில் இருக்கும் செடிக்கு எறும்பே போதும். கறி போட்டால் ஜாடி அழுகி நாறும். ஹூக்கர் போட்டது சோதனைக்காக.

ஜாடித் தண்ணி கண்ணுக்கு நல்லதாமே?

மேகாலயாவில் திறக்காத ஜாடியின் நீரைக் கண் நோய்க்கு விடும் வழக்கம் உண்டு. திறக்காத ஜாடி என்பதைக் கவனியுங்கள். பூச்சி விழாத, வெளிக்காற்றே படாத நீர். அவர்களுடைய அனுபவம் அது. உங்கள் வீட்டுத் திறந்த ஜாடியின் நீர் செத்த பூச்சியும் பாக்டீரியாவும் ஊறியது, அதைக் கண்ணில் விடவே கூடாது. கண் வலித்தால் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

மலேசியாவில் சொந்தம் இருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. அங்கே ‘பெரியுக் கெரா’, அதாவது குரங்குப் பானை என்று இதைச் சொல்வார்கள். ஜாடியைக் கழுவி, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் நிரப்பி அவித்துச் சாப்பிடுவார்கள்.

அசைவச் செடியை வீட்டுல வச்சா ஆகுமா? பாவம் இல்லையா?

பக்கத்து வீட்டு ஆச்சி உண்மையான கவலையோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். நாம் ரசாயன மருந்து அடித்து ஒரு சாயங்காலத்தில் கொல்லும் பூச்சிகளில் ஒரு துளி கூட இது ஒரு வருஷத்தில் பிடிப்பதில்லை. இந்தக் குடும்பத்தில் பாதிச் சைவமும் உண்டு. அந்தப் பெரியுக் கெரா வகையில் ஒன்றான நெப்பந்தஸ் ஆம்புலேரியா, காட்டுத் தரையில் வாயைத் திறந்து உட்கார்ந்து, மேலிருந்து உதிரும் சருகை வாங்கி மக்கவைத்து, தழைச்சத்தில் கணிசமான பங்கை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆச்சிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

பூச்சியைக் கொன்னுட்டா மகரந்தச் சேர்க்கைக்கு யாரு வருவா?

இதைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். பூ ஜாடிக்குப் பக்கத்தில் பூக்காது. கொடியின் உச்சியில் நீண்ட கதிராக, ஜாடிகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும். பூவின் விருந்தாளிக்கும் ஜாடியின் இரைக்கும் நடுவில் அந்தத் தூரம் இருக்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே ஒரு செடி வைத்திருப்பவர்களுக்கு விதை கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

விதை மயிரிழை போல மெல்லியது, காற்றில் போகும். முளைக்கும் திறனும் சீக்கிரம் போய்விடும். ஆகவே இணையத்தில் நூறு ரூபாய்க்கு நீல ஜாடி, வானவில் ஜாடி என்று படம் போட்டு விற்கும் விதைகளை வாங்காதீர்கள். என் மாணவன் ஒருவன் வாங்கி விதைத்தான். முளைத்தது கீரை.

மேகாலயா டூர் போறோம். ஒரே ஒரு கன்னு எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். காசியானா, 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவர அட்டவணையில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்குவது குற்றம். உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் கூடாது. நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் நெப்பந்தஸ் ராஜாவோடு இதுவும் இருக்கிறது. இந்தப் பேரினத்தில் அந்த இடத்தில் இருப்பவை இவை இரண்டுமே. அதனால்தான் என் மாடியில் காசியானா இல்லை.

சட்டத்தை விடுங்கள். அது வளரும் இடம் ஏற்கெனவே குறைந்துகொண்டே போகிறது. ஜயந்தியா மலைகளில் நிலக்கரி, சுண்ணாம்புக்கல் தோண்டுகிறார்கள், சாலை போடுகிறார்கள், சந்தைக்கு விற்கப் பிடுங்குகிறார்கள். பாக்மாராவில் இதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அதன் பரப்பு மூன்று ஹெக்டேர் கூட வராது. வண்டியூர்க் கண்மாயின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். போனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படம் எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

கடைசியா ஒண்ணு. எல்லாத்தையும் கரைக்கிற தண்ணியில கொசுப்புழு மட்டும் எப்படி உயிரோட இருக்கு?

நம் குடலில் கொக்கிப்புழு செரிக்காமல் இருப்பது போலத்தான். அந்த நீரில் பிறந்து வளரும் புழுக்களின் மேல்தோலும் உடம்பும் அமிலத்தையும் நொதியையும் தாங்கப் பழகியவை. பழைய ஜாடியின் அமிலம் குறைவு என்பதையும் மேலே சொன்னேன். அவை சும்மாவும் இல்லை. விழுந்த பூச்சியைக் கடித்து நொறுக்கிக் கழிவாக்கி விடுகின்றன, செடி அதை எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது.

போர்னியோவில் ஒரு இனத்தின் ஜாடிக்கம்பி உள்ளே பொள்ளலாக இருக்கும், அதில் ஒருவகை எறும்பு குடியிருக்கும். எந்தப் பூச்சி வழுக்கும் உதட்டிலும் அந்த எறும்பு வழுக்காது. ஜாடி நீரில் இறங்கி நீந்தும், பெரிய இரையை இழுத்துவந்து தின்னும், கொசுப்புழுவையும் பிடிக்கும். இன்னொரு இனத்தின் ஜாடிச் சுவரில் ஒரு சிலந்தி காத்திருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் அதே நீருக்குள் குதித்து ஒளிந்துகொண்டு, எல்லாம் அடங்கிய பிறகு ஏறி வரும். என் மாடி ஜாடியில் சிலந்தி இன்னும் குடிவரவில்லை. வாராவாரம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.